ஆறாம் கதவில் இரண்டு குரல்

“ஏப்ரல் 27. ஆள் 19. குரல் 19.”

எங்களைக் கூட்டிவந்த பரீத் சாக்குக்கட்டியால் லயத்தின் முதல் கதவில் எழுதியது. தினமும் காலையில் எழுதுவார். மறுநாள் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். இந்த வரியை மட்டும் அவர் அழிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தக் கதவைக் கடந்து ஓடும்போது பார்த்தேன். எண்கள் அப்படியே இருந்தன. கதவின் கீழ்ப்பாதி எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பத்தொன்பதில் ஒரு குரல் என்னுடையது என்று கணக்கு. அன்று எனக்குக் குரலே இல்லை.

ஓடுகிறோம். ஏப்ரல் 29. விடிந்துவிட்டது. செம்பனை வரிசைகளுக்குள் பனி நிற்கிறது. பின்னால் வெடிச் சத்தம். காட்டுப்பன்றி சுடும் துப்பாக்கி. ஒரு வெடி. தோட்டா மாற்றும் இடைவெளி. இன்னொரு வெடி. இடைவெளியில் ஓடுகிறோம். வெடிக்கும்போது குனிகிறோம். யாரும் சொல்லித் தரவில்லை.

“பீசு! பீசு! பாக்கார் செமுவா!”

எல்லாவற்றையும் கொளுத்து என்கிறார்கள். காய்ந்த பலகை எரியும் சத்தம். அதற்குள் யாரோ சுவரைத் தட்டும் சத்தம். ஐந்தாறு முறை. பிறகு தட்டவில்லை.

“அக்கா! பள்ளம்! குதி! குதி!”

யோகேஸ். என் தம்பி. பதினெட்டு வயது. என் கையைப் பிடித்திருந்தான். பள்ளத்தில் இறங்கும்போது பிடி நழுவியது. பனியில் அவனைக் காணவில்லை. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வந்தது சத்தமில்லை. தகரத்தை மண்ணில் இழுத்த மாதிரி ஒரு கீறல்.

முன்னால் ஓடிக்கொண்டிருந்த பரீத் நின்றார். திரும்பினார். என் வாயைப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரிந்துவிட்டது என்று.

*

பீசு என்றால் மலாயில் ஊமை. நோய்க்கு ஒரு முறையான பெயர் இருந்தது. செய்தியில் சொன்னார்கள். மின்சாரம் நின்றதும் அந்தப் பெயரும் நின்றுபோனது. மக்கள் வைத்த பெயர் மிஞ்சியது. முதலில் குரல் போகும். மறுநாள் காய்ச்சல். ஐந்தாம் நாளில் மூச்சு. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பிழைத்து நான் பார்க்கவில்லை. எங்கள் வயதினரில் சிலர் பிழைத்தோம். ஏன் என்று எங்களுக்குச் சொல்ல யாரும் மிச்சமில்லை.

நாங்கள் தம்போய்க்காரர்கள். சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் பக்கத்து மலேசிய ஊர். ஜனவரியில் அந்தப் பாலத்தை மூடினார்கள். அப்பா அன்று அந்தப் பக்கம் வேலையில் இருந்தார். காலையில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது அம்மாவிடம் சொன்னது: “சாயந்தரம் வந்து அடுப்புக்குக் கேஸ் தோங்கை மாத்திடறேன்.” அதன்பின் அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மா பிப்ரவரி 19 அன்று இறந்தார். கடைசி நாட்களில் கரண்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டித்தான் எங்களைக் கூப்பிட்டார். ஒரு தட்டு எனக்கு. இரண்டு தட்டு யோகேசுக்கு.

மார்ச் 11 தம்போயை விட்டோம். பக்கத்துத் தெருவில் பரீத்தின் அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அவரும் இதே நோயில் போய்விட்டார். பரீத்துக்கு இருபத்தாறு வயது. கடையின் அரிசியை வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர் எங்களையும் ஏற்றிக்கொண்டார். வழியில் ஆட்கள் சேர்ந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர். முப்பது வயதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. காஹாங்குக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கைவிடப்பட்ட பழைய லயம் கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் வீடுகள், ஒரே வரிசை. எட்டுக் கதவு. போய்ச் சேர்ந்தபோது நாங்கள் இருபத்தொரு பேர்.

விதி பரீத்துடையது. பொழுது புலர்வதற்கு முன் அவர் களத்தின் நடுவில் நின்று பெயர் பெயராகக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்க வேண்டும். குரல் தெளிவாக இருந்தால் கதவைத் திறந்து வெளியே வரலாம். கம்மியிருந்தால் வாய்க்காலுக்கு அப்பாலுள்ள பழைய ஆயக்கொட்டகைக்குப் போக வேண்டும். தோட்டம் நடந்த காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. பதினான்கு நாள் தனியாக. சோறு வாய்க்கால் கரையில் வைக்கப்படும். ஏப்ரல் பாதிக்குள் மூன்று பேர் போனார்கள். ஒருத்தி திரும்பி வந்தாள்.

அம்மா பாலோ தோட்டத்தில் பிறந்தவர். அதனால் தோட்டத்தில் காலையில் இப்படி ஆள் கணக்கெடுப்பதற்கு உள்ள பெயர் எங்களுக்குத் தெரியும். பெரட்டு. முதல் நாள் யோகேஸ் அதைச் சொன்னதும் பரீத் முகத்தைச் சுளித்தார்.

“பெரட்டா? எங்க கடையில ரொட்டியத்தான்டா பெரட்டுவோம். இங்க ஆளப் பெரட்டணுமா?”

“ஆமா பாய். ஒரு பக்கம் வெந்துச்சான்னு பாத்துத் திருப்பிப் போடுங்க.”

சிரித்தோம். அந்த மாதத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

என்ன சொல்லிக் குரல் கொடுப்பது என்பதில் ஒரு வாக்குவாதம் நடந்தது. சியூ லிங் என்று ஒரு சீனப் பெண். தாதிப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. எங்களில் மருத்துவம் அறிந்தவள் அவள் ஒருத்தி. ஒரு முழு வாக்கியமாவது பேசவைக்க வேண்டும், அப்போதுதான் தொண்டை தெரியும் என்று மலாயில் சொன்னாள். பரீத் ஒத்துக்கொள்ளவில்லை. பேசப் பேச மூச்சு வெளியே வரும் என்றார். ஒரே சொல் போதும். எல்லோரும் இடைநிலைப் பள்ளியில் வருகைக்குச் சொல்லிப் பழகிய சொல். அடா. மலாயில் ‘இருக்கிறேன்’.

“நல்லதா போச்சு. தினம் காலையில எல்லாரும் பாய ‘அடா’ போட்டுக் கூப்பிடலாம்” என்றான் யோகேஸ்.

“வாய மூடுறா டேய்.”

அந்தச் சொல்லைத் தேர்ந்ததுதான் பிழை. பள்ளியில் பழகிய சொல் என்றால் பள்ளியில் பழகிய வேறொன்றும் கூடவே வரும். வராத கூட்டாளிக்காகக் குரல் கொடுப்பது. எங்களில் அதைச் செய்யாதவர் யாருமில்லை. யோகேஸ் அதில் பேர்போனவன். ஒரே வகுப்பில் ஐந்து பேருக்கு ஐந்து குரலில் சொன்னவன். பின்னால் போகும் லாரியின் கீச்சொலி, ரயில் நிலைய அறிவிப்புப் பெண், பக்கத்து வீட்டு நாய். எல்லாம் அவன் தொண்டையில் இருந்தன. ஒரு மாலை சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பரீத்தின் அப்பாவின் குரலை எடுத்தான். “தே ஓ கோசோங் ஒண்ணு! ரொட்டி தெலோர் ரெண்டு! மூணாம் மேசைக்குத் தண்ணி!” பரீத்தின் கையில் அகப்பை நின்றுவிட்டது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தோம்.

“இன்னொரு தரம் போடுடா” என்றார்.

*

ஏப்ரல் 25. விழித்தேன். யோகேசைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

வெளியே பரீத் கூப்பிடத் தொடங்கிவிட்டார். முதல் கதவு. இரண்டாம் கதவு. எங்களுடையது ஆறு. யோகேஸ் என்னைப் பார்த்தான். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். எழுந்து போகத்தான் நினைத்தேன். பாயைச் சுருட்டக்கூடத் தொடங்கினேன். நெஞ்சில் கைவைத்து என்னைப் படுக்க வைத்தான்.

“கஸ்தூரி!”

“அடா!”

என் குரல். எனக்கு வெளியே. சுவரருகிலிருந்து வந்தது. இறுதி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பேன். அந்த இழுப்பும் இருந்தது.

“யோகேஸ்!”

“அடா!”

வெளியே போய்ச் சொன்னான். “அக்காவுக்குக் காலு பிசகிடுச்சு பாய். ரெண்டு மூணு நாளைக்கு அவ வேலையும் நானே பாக்கறேன்.” அக்கா தப்பித்தாள், தம்பி மாட்டிக்கொண்டான் என்று யாரோ கேலி செய்தார்கள். கதவு மூடியது.

அதன்பின் காய்ச்சல். நாட்கள் ஒழுங்காக நினைவில்லை. தேதி பின்னால் கேட்டுச் சரிபார்த்தது. நினைவிருப்பது ஒன்று. ஒவ்வொரு காலையும் என் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் பதில் சொன்னேன், நான் அங்கே இல்லை. செத்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று எண்ணினேன். பேச்சு நம்மை விட்டுவிட்டுத் தானாகப் போய்க்கொண்டிருக்கும்.

என் குவளையைக் கொண்டுபோய்ப் பொதுத் தண்ணீர்ப் பீப்பாயில் முக்கித்தான் அவன் எனக்குத் தண்ணீர் எடுத்து வந்தான். இதையும் எழுத வேண்டும்.

நான்காம் காலை, ஏப்ரல் 28, எங்கள் கதவு பதில் சொன்னது. மற்றவை சொல்லவில்லை. இரண்டாம் கதவில் ஹாபிஸ் குரல் கொடுத்தான். அவனோடு தங்கிய ரவீன் கொடுக்கவில்லை. நான்கு, ஐந்து, எட்டு மூன்றும் அமைதி. மொத்தம் ஆறு பேருக்குக் குரல் இல்லை. பரீத் ஒவ்வொரு பெயரையும் மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை கத்தினார். பிறகு களத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

சுற்றியிருந்த தோட்டங்களில் ஒதுங்கியிருந்தவர்களோடு எங்களுக்கு ஓர் உடன்பாடு இருந்தது. நோய் வந்தால் வாயிலில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். மற்றவர்கள் நெருங்க மாட்டார்கள். அரிசியும் உப்பும் வாயிலில் வைப்பார்கள். துணி கட்ட வேண்டாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். பரீத் கேட்கவில்லை. “சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான்” என்றார். தன் கைலியைக் கிழித்துக் கட்டினார். அது வெள்ளைக் கைலி. பெருநாளுக்கு வைத்திருந்தது.

மறுநாள் காலை துணியைப் பார்த்துத்தான் வந்தார்கள். அரிசி கொண்டுவரவில்லை.

*

யோகேஸ் எனக்கு முன்பே ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தான். அங்கே எண்ணினோம். பதினாறு. குரல் போன ஆறு பேரில் ரவீனும் ஷாமினியும் எழுந்து நடக்கும் நிலையில் இல்லை. ஆயக்கொட்டகையில் இருந்தார்கள். முதலில் அதைத்தான் கொளுத்தினார்கள். எங்களோடு ஓடிவந்த கெல்வின் அவர்களை எடுக்கத் திரும்பினான். வாய்க்காலில் சுடப்பட்டான். விழுந்ததை மூன்று பேர் பார்த்தார்கள்.

பரீத் எங்கள் எதிரில் வந்து நின்றார். பத்தடி தள்ளி.

“எத்தனை நாளா?”

நான்கு விரலைக் காட்டினேன்.

அவர் என்னை விட்டுவிட்டு யோகேசைப் பார்த்தார். “நீயாடா?”

“ஆமா பாய்.”

“ஏன்டா?”

“கொட்டகைக்கு அனுப்பியிருப்பீங்க.”

“அனுப்பியிருப்பேன்.”

“அதான்.”

  எட்டாம் கதவுப் பெண் ஒருத்தி கல்லை எடுத்தாள். குரலில்லாததால் கல்லை எடுத்தாள். அது என் தோளில் பட்டது. யோகேஸ் என் முன்னால் வந்து நின்றான்.

சியூ லிங் நடுவில் வந்தாள். மலாயில் வேகமாகப் பேசினாள். “இவளுக்குச் சனிக்கிழமை குரல் போச்சு. மத்தவங்களுக்குச் செவ்வாய். மூணு நாள்ல ஒட்டாது. ஒரு வாரமாவது வேணும். இவளுக்கு முன்னாடியே இங்க யாருக்கோ இருந்திருக்கு.”

“ஒரு வாரம்னு யாரு சொன்னது?”

“நான் பார்த்த வரைக்கும்.”

“எத்தனை பேரப் பார்த்த?”

“மூணு பேரை.”

“மூணு பேரு!” பரீத் சிரித்தார். அந்தச் சிரிப்பை விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

அவள் விடவில்லை. ரவீனைச் சொன்னாள். ஏப்ரல் 15 அன்று உப்புக்காகக் காஹாங் போய் வந்தவன் அவன் ஒருவன்தான். 28 அன்று குரல் போனதாகக் கணக்கு, ஆனால் அன்றே மூச்சு விட முடியாமல் கிடந்தான். ஒரே நாளில் அப்படி ஆகாது என்றாள். ரவீனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு, அவனுக்கு ஆகும் என்றார் பரீத். ரவீனும் ஹாபிசும் இரவுக் காவல். பகலெல்லாம் தூங்குவார்கள். ரவீனை வெளிச்சத்தில் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஹாபிஸ் ஆற்றைப் பார்த்து நின்றான். அவனிடம் அப்போது யாரும் கேட்கவில்லை.

பரீத் முடிவு சொன்னார். பதினான்கு பேர் ஆற்றைக் கடப்பது. அவர்களில் குரல் போன நால்வர் ஐம்பதடி பின்னால் வருவது. மறைத்த நாங்கள் இருவரும் இந்தப் பக்கம். பாதி மூட்டை அரிசியைக் கீழே வைத்தார். தீப்பெட்டியை அதன்மேல் வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். “உன் மேல கோவமில்ல தங்கச்சி. உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாது.” இரண்டும் உண்மை என்றே இன்றும் நினைக்கிறேன்.

*

செம்பனைக் குலைகளை எடைபோடும் கொட்டகை ஒன்று கரையிலிருந்து உள்ளே இருந்தது. அங்கே தங்கினோம். அன்று மாலையே யோகேசின் குரல் கம்மத் தொடங்கியது. “எனக்கு வேற யாரோட குரலும் இப்ப வரமாட்டேங்குது அக்கா. என்னோடது மட்டும்தான் இருக்கு” என்றான். ஏப்ரல் 30 அதுவும் போனது.

என் குரல் திரும்பிக்கொண்டிருந்தது. அவனுடையது இறங்க இறங்க என்னுடையது ஏறியது. இப்படி எழுதுவது தவறு. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் அப்படித்தான் இருந்தது.

அவனைக் கேட்டேன். நான் ஆயக்கொட்டகைக்குப் போயிருந்தால் பிழைத்து வந்திருப்பேனே, ஒருத்தி வந்தாளே என்றேன். இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு பேர் வரவில்லையே என்பது. பிறகு கையை உதறி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்ன வயதில் கேரம் ஆட்டத்தில் தோற்றால் அப்படித்தான் செய்வான்.

மே 3 மதியம் மழை தொடங்கியது. தகரக் கூரை. அந்தச் சத்தத்தில் அவன் மூச்சு கேட்கவில்லை. காதை மார்பில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் மழைதான் கேட்டது. எந்த நேரத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. மழை விட்டபோது நின்றிருந்தது. குலை தூக்கும் இரும்புக் கம்பியால் குழி தோண்டினேன். ஆழம் போதவில்லை. மேலே செம்பனை மட்டைகளை அடுக்கினேன்.

ஆற்றைத் தனியாகக் கடந்தேன். ஜூன் தொடக்கத்தில் குளுவாங்கில், மறுபடி ஆட்கள் சேரத் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடத்தில், சியூ லிங்கைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பின்வாங்கினாள். பிறகு வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அன்று முழுவதும் இருவரும் பெயர்களைச் சொல்லிச் சரிபார்த்தோம். கீழே உள்ளது அந்தக் கணக்கு.

லயத்துக்கு வந்தவர்கள் இருபத்தொரு பேர்.

ஆயக்கொட்டகையில் தனியாக இறந்தவர்கள் இருவர்.

ஏப்ரல் 29 தீயில் ரவீன், ஷாமினி. துப்பாக்கியில் கெல்வின்.

எடைக் கொட்டகையில் யோகேஸ்.

ஆற்றைக் கடந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர். முதலில் எட்டாம் கதவுப் பெண்கள் இருவர். கல்லெறிந்தவள் அதில் ஒருத்தி. அவள் பெயர் திவ்யா. பரீத்தின் குரல் மே 6 போனது. தானாகவே கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். அருகில் யாரையும் விடவில்லை. மே 11 அவரைப் புதைத்தார்கள். தொழுகைக்கு நின்றவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர்தான் முஸ்லிம்.

அந்த ஒன்பதில் ஹாபிசும், மே 8.

இருப்பவர்கள் ஆறு பேர். நான் ஒருத்தி.

போனவை: எட்டுக் கதவுள்ள லயம். ஒரு வேன். அரிசி ஒன்பது மூட்டை. அம்மாவின் படம். ஷாமினி தைத்துக்கொண்டிருந்த, கை வைக்காத சட்டை. தம்போய் வீடு. அப்பா போனவரா இருப்பவரா என்று தெரியாததால் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

ஒன்று மீதி இருக்கிறது. மே 1 அன்று, தன் குரல் போவதற்கு முந்தின நாள், ஹாபிஸ் சியூ லிங்கிடம் வந்து உட்கார்ந்திருக்கிறான்.  மலாயில் சொன்னது: “நானும்தான் அடா சொன்னேன்.” அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான். மறுநாள் அவள் கேட்கப் போனபோது அவனால் பேச முடியவில்லை. எழுதவும் கை நிற்கவில்லை.

எல்லோரையும் போல நானும் என் பெயருக்குக் குரல் கொடுத்தேன் என்று சொன்னதாக இருக்கலாம். யோகேஸ் செய்ததைப் போல நானும் ரவீனுக்காகக் குரல் கொடுத்தேன் என்று சொன்னதாகவும் இருக்கலாம். முதலாவது என்றால் நோய் ஆறாம் கதவிலிருந்து, என்னிடமிருந்து, பரவியது. இரண்டாவது என்றால் என்னிடமிருந்து அல்ல. இருக்கும் மற்ற ஐந்து பேரிடமும் கேட்டுவிட்டேன். இரண்டில் எது என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.